தேன் போடாத வாக்கியம்

அந்த ஆங்கிலப் பயிற்சி மையத்தில் அவளுக்கு ‘எதைவிட டீச்சர்’ என்று பட்டம். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனால் வகுப்பு முடிந்து மாடிப்படி இறங்கும்போது சொல்லிச் சிரிப்பது அவள் காதில் விழத்தான் செய்யும். யாராவது ஒரு வாக்கியத்தில் ‘பிக்கர்’ என்றோ ‘ஃபாஸ்டர்’ என்றோ எழுதி அத்தோடு நிறுத்திவிட்டால் போதும், சிவப்புப் பேனா அந்தச் சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிடும். ஓரத்தில் தமிழில் ஒரே ஒரு கேள்வி இருக்கும்: எதைவிட?

“என் வீடு பெருசுன்னு சொன்னா சரி, நீங்க சந்தோஷமா இருங்க. என் வீடு பிக்கர்னு சொன்னா நான் கேப்பேன். எதைவிட? பக்கத்து வீட்டைவிடவா, புறாக்கூண்டைவிடவா?” என்பாள். பதில் வரும்வரை அடுத்த வாக்கியத்துக்கு நகரமாட்டாள். எதிரே உட்கார்ந்திருப்பவர் லாரி ஓட்டுநரா, வங்கிக் காவலாளியா, பேரன் எடுத்தவரா என்றெல்லாம் பார்ப்பதில்லை.

வகுப்பில் எல்லாரும் வளர்ந்தவர்கள். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு மாலையில் வந்து உட்காருகிறவர்கள். அவர்கள் வாய்க்குப் பூட்டுப் போட முடியுமா? ‘இன்னும் அதிகம்’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘மோர்’, நம் ‘விட’வுக்கு ‘தேன்’ என்று அவள் பலகையில் எழுதியதுமே பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்: “டீச்சர் வகுப்புல மோரும் இருக்கு, தேனும் இருக்கு, சோறுதான் இல்ல.” அவளும் சிரித்துவிடுவாள். “தமிழ்ல ஒண்ணை விட்டாத்தான் இன்னொண்ணைப் பெருசுன்னு சொல்ல முடியும். இதைவிட, அதைவிட, உன்னைவிட. இங்கிலீஷ்காரங்க விடமாட்டாங்க, தேன் போட்டு ஒட்ட வெச்சுக்குவாங்க” என்பாள். ஒப்பீட்டுப் பாடத்தில் பாதி அந்த ஒரு வரியிலேயே முடிந்துவிடும்.

அந்தக் கேள்வி அவளுடைய சொந்தச் சரக்கு இல்லை, அப்பாவிடமிருந்து வந்தது. லாரி எடைமேடையில் முப்பத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவர் அவர். பன்னிரண்டு டன் ஏற்றி வந்திருக்கிறேன் என்று எந்த ஓட்டுநராவது சொன்னால், “காலி வண்டி எவ்வளவு?” என்றுதான் முதலில் கேட்பார். அது தெரியாமல் பன்னிரண்டு என்ற எண்ணுக்கு அவரிடம் மரியாதை கிடையாது. அவளுக்கு ஒன்பது வயதும் தங்கைக்கு ஐந்து வயதும் இருக்கும்போது, அப்பாவுக்கு யாரை அதிகம் பிடிக்கும் என்று இருவரும் அடித்துக்கொண்டு அங்கேயே போய் நின்றார்கள். அவர் ஒவ்வொருவராக மேடையில் ஏற்றினார். இரண்டு தடவையும் ஒரே எண், இருபது.

“பாத்துக்குங்க. பெரியவளும் சின்னவளும் ஒரே எடை. இனிமே இந்தக் கேள்வி என்கிட்ட வரக்கூடாது” என்றார்.

அந்த மேடை இருபது இருபது கிலோவாகத் தாவித் தாவித்தான் எண் காட்டும் என்பது கல்லூரிக்குப் போன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. தங்கையிடம் அதைச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு எடையும் உண்மையில் ஒன்றில்லை என்று ஆனதும், சின்னவள் பக்கம்தான் அப்பாவுக்கு ஒரு பிடி கூடுதல் என்ற குறுகுறுப்பு அவள் மனதில் அன்றிலிருந்து உட்கார்ந்துகொண்டது. அம்மா போன பிறகு அப்பாவோடு ஒரே வீட்டில் இருந்தவள் அவள்தான், மாத்திரை எடுத்துக் கொடுத்தவள் அவள்தான். ஆனால் சின்னவள் தொலைபேசியில் கூப்பிட்டால் அவர் குரலில் ஒரு துள்ளல் வரும். அதை அவள் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பாள்.

செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு ஒரு நர்ஸம்மா வந்துகொண்டிருந்தார். டீச்சரைவிட ஆறேழு வயது மூத்தவர். மருத்துவமனையில் தலைமை நர்ஸ் பதவிக்கு ஆங்கிலச் சான்றிதழ் கேட்கிறார்கள் என்று ஐம்பது வயதுக்கு மேல் நோட்டும் பேனாவும் தூக்கியவர். ‘என் வீட்டுக்காரர் கதவைவிட மோர் ஃபேட்டர்’ என்று ஒரு வாக்கியம் எழுதி வகுப்பையே உருளவைத்தவர். ஃபேட்டரில் ஏற்கெனவே மோர் இருக்கிறது, மேலே இன்னொரு மோர் ஊற்றக் கூடாது என்று டீச்சர் திருத்தினாள். “வாக்கியத்தை இளைக்க வெச்சிட்டீங்க, அவரைத்தான் இளைக்க வைக்க முடியல” என்றார் நர்ஸம்மா.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் ஒரு சந்தேகத்தோடு எழுந்தார்.

“டீச்சர், புத்தகத்துல ‘ஐ ஃபீல் பெட்டர் நௌ’னு போட்டிருக்கு. தேன் இல்லையே? வட்டம் போட வேண்டாமா?”

வகுப்பு கைதட்டியது. மாட்டிக்கொண்டோம் என்று டீச்சருக்குத் தெரிந்துபோயிற்று. பதினெட்டு வருஷமாக விட்டுக்கொடுக்காத விதியை அன்று கொஞ்சம் தளர்த்தினாள். “சரி, எழுதிக்குங்க. எதைவிடங்கறது சொல்றவங்களுக்கும் கேக்கறவங்களுக்கும், ரெண்டு பேருக்குமே தெரிஞ்சிருந்தா, தேன் வேண்டாம்.” நர்ஸம்மா அதை எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்துக்கொண்டார்.

அப்போது அப்பா மருத்துவமனையில் சேர்ந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை மூச்சு வாங்குகிறது என்றார். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்று தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கவைத்தார்கள். காலை பதினொன்றுக்கு அரை மணி, மாலை ஐந்துக்கு அரை மணி, அவ்வளவுதான் பார்வை நேரம். மணி அடிப்பார்கள், போகலாம். மறுபடி அடிப்பார்கள், வந்துவிட வேண்டும். அந்தப் பிரிவில் பகல் வேலை பார்ப்பவர் நம் நர்ஸம்மாதான் என்பது டீச்சருக்குக் கிடைத்த ஒரே தெம்பு. “நீங்க கவலைப்படாதீங்க டீச்சர். தினம் காலையில நான் வந்ததும் உங்களுக்கு மெசேஜ் போட்டுடறேன். இங்கிலீஷ்லயே போடறேன், தப்பு இருந்தா திருத்துங்க” என்றார் அவர்.

புதன்கிழமை மாலை அவள் போய்ப் பார்த்தபோது அப்பா ஆக்ஸிஜன் முகமூடிக்குள்ளிருந்து ஏதோ சொல்ல முயன்று, முடியாமல் கையை மட்டும் ஆட்டினார். அன்று இரவு அவருக்கு மூச்சு ரொம்ப இறங்கிவிட்டது. தொண்டைக்குள் சுவாசக் குழாய் போடும் நிலைவரை போய் எப்படியோ மீண்டார். இரவு டியூட்டியில் இருந்தவர்கள் வீட்டுக்குத் தகவல் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. காலை எட்டு மணிக்கு வேலைக்கு வந்த நர்ஸம்மா குறிப்பேட்டைப் படித்தார். படுக்கையில் அப்பா சாய்ந்து உட்கார்ந்து கண்ணைத் திறந்திருந்தார். டீச்சருக்கு இரவே சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு நர்ஸம்மா அனுப்பினார்: ‘ஃபாதர் இஸ் பெட்டர் டுடே, டீச்சர்.’

எட்டே முக்காலுக்கு அது வந்தது. டீச்சர் குளித்துத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் துண்டு, ஒரு கையில் போன். கண் நேரே அந்தச் சொல்லில்தான் போய் நின்றது. பெட்டர். எதைவிட? பழக்க தோஷம், விரல் தானாகவே ‘பெட்டர் தேன்’ என்று ஆங்கிலத்தில் அடித்து ஒரு கேள்விக்குறியும் போட்டுவிட்டது. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

அவள் அனுப்பவில்லை. ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். நேற்று அப்பா கையை ஆட்டியது கண்ணில் நின்றது. நான்கு நாளில் முதல்முறையாக ஒரு நல்ல சொல் வந்திருக்கிறது, அதைக் குடைந்து பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை. போனைப் பைக்குள் போட்டுவிட்டு ஈரத் துண்டைக் கொடியில் உதறிப் போட்டாள்.

ஒன்பது மணிக்குத் தங்கை கூப்பிட்டாள். தங்கை இருப்பது ரயிலில் பத்து மணி நேரத் தூரத்தில். அங்கே ஒரு சட்டை ஆலையில் தரம் பார்க்கிறவள். மாதிரிச் சட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சட்டையாகத் தூக்கிப் பார்த்து, நூல் பிசகினாலும் ஒதுக்கிவிடுகிறவள்.

“அக்கா, சாயங்கால வண்டிக்கு ஒரு சீட்டு இருக்கு. போடட்டுமா? எனக்கு மனசே சரியில்ல.”

“வேண்டாம்டி. அப்பா நல்லாயிட்டாரு. இப்பத்தான் ஆஸ்பத்திரியிலருந்து சொன்னாங்க.”

“நிஜமாவா?”

“நிஜமாத்தான்டி. ஞாயித்துக்கிழமை நிதானமா வா. வீட்டுக்கே வந்துருவாரு, உக்காந்து பேசலாம்.”

தங்கை அழுதே விட்டாள், சந்தோஷத்தில். அந்த அழுகையைக் கேட்டதும், தான் சொன்னது உண்மைதான் என்று டீச்சருக்கே நம்பிக்கை வந்துவிட்டது. அன்று மாலை ஐந்தரைக்குத் தேர்வுக்குப் போகும் குழுவுக்கு வகுப்பு இருந்தது. நல்லாயிட்டவரை நாளைக்குப் பார்த்தால் என்ன என்று காலை பதினொரு மணிக்கும் போகவில்லை, மாலையில் வகுப்புக்கே போய்விட்டாள். அன்றைக்கும் நான்கு பேருடைய நோட்டில் வட்டம் போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அப்பா போய்விட்டார்.

தங்கை மாலையில் வந்து சேர்ந்தாள். கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள். ஓடி வந்தவள் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டாள். முகத்தைப் பார்த்தாள், நெற்றியைத் தொட்டாள். அழவில்லை. திரும்பி அக்காவைப் பார்த்துக் கேட்டது ஒன்றுதான்.

“நல்லாயிட்டாருன்னு சொன்னியே?”

டீச்சர் அப்பாவின் மேல் கிடந்த மாலையைச் சரிசெய்தாள். “ஆஸ்பத்திரியில சொன்னாங்க” என்றாள்.

“யாரு?”

“நர்ஸ்.”

ஒரு சொல்தான். ஆனால் அந்தச் சொல்லைச் சொன்ன மாத்திரத்தில், தான் என்ன செய்துவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் திருத்தவில்லை. ஊரார் நோட்டையெல்லாம் திருத்தியவள் இவள், தன் ஒரு சொல்லைத் திருத்த வாய் வரவில்லை.

மறுநாள் நர்ஸம்மா துக்கம் கேட்க வந்தார். கூடத்தில் சொந்தக்காரர்கள் நிறைந்திருந்ததால் நேரே அடுப்படிக்கு வந்து டீச்சரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“வியாழக்கிழமை எனக்கு டபுள் டியூட்டி டீச்சர். சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பார்வை மணி அடிச்சதும் ஐயா முழிச்சிட்டாரு. முகமூடியை எடுக்கச் சொல்லிக் கை காட்டினாரு. ‘சின்னவ எங்க?’ன்னு கேட்டாரு. வந்துட்டே இருக்காங்க ஐயான்னு சொன்னேன். தலையை ஆட்டிட்டுக் கதவையே பாத்துட்டிருந்தாரு.”

“வேற ஏதாவது கேட்டாரா?”

“இல்ல டீச்சர். அதுக்கப்புறம் பேசல.”

தங்கை பக்கத்து அறையில்தான் இருந்தாள். எழுந்துபோய்ச் சொல்ல நாலு எட்டு போதும். டீச்சர் போகவில்லை. சொன்னால் சின்னவள் நொறுங்கிப்போவாள் என்று தனக்குத் தானே காரணம் சொல்லிக்கொண்டாள். அது பாதிக் காரணம். மீதிப் பாதி அசிங்கமானது: என்னைக் கேட்கவில்லையே. நாற்பத்தாறு வயதில், தகப்பனுடைய சாம்பல் ஆறுவதற்குள், அவளுக்குப் பொறாமையாக இருந்தது. ஒன்பது வயதில் எடைமேடையில் நின்ற அதே பெண்ணாகவே அடுப்படியில் நின்றாள்.

நர்ஸம்மா போவதைத் தங்கை ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டாள். “இவங்கதானா?” என்றாள். டீச்சர் தலையாட்டினாள்.

ஐந்தாம் நாள் தங்கை சாப்பாட்டு மேசையில் டீச்சரின் மடிக்கணினியைத் திறந்துவைத்தாள். “சும்மா விடமாட்டேன் அக்கா. கண்காணிப்பாளருக்குப் புகார் குடுக்கணும். நீ எழுது. என் இங்கிலீஷ் அரைகுறை, உன் இங்கிலீஷைப் பாத்தாத்தான் அவங்க பயப்படுவாங்க.”

“இப்ப எதுக்குடி அதெல்லாம்? அப்பா திரும்பியா வரப்போறாரு?”

“எங்க வேலையில ஒரு சட்டையை நல்லாயிருக்குன்னு சொல்லி அனுப்பிட்டு, அப்புறம் கிழிஞ்சிருந்தா என்னை வீட்டுக்கு அனுப்பிருவாங்க. சட்டைக்கே அப்படி. எழுது. ‘எங்க அப்பா நல்லாயிட்டாருன்னு நர்ஸ் சொன்னாங்க, அதை நம்பி நான் வரல.’”

டீச்சர் அடித்துக்கொண்டே வந்தாள். அந்த இடம் வந்ததும் விரல் உண்மையைத்தான் அடித்தது: பெட்டர். தோளுக்குப் பின்னால் நின்ற தங்கை குனிந்து பார்த்தாள்.

“பெட்டர்னா கொஞ்சம் தேவலைன்னுதானே அர்த்தம்? நல்லாயிட்டாருன்னுல்ல நீ சொன்ன?”

சொல்வதற்கு அதைவிட நல்ல சமயம் வராது. வாயைத் திறந்தால் போதும். டீச்சர் அந்தச் சொல்லை அழித்தாள். அந்த இடத்தில் ‘வெல்’ என்று அடித்தாள். குட் என்றாலும் வெல் என்றாலும் ஒப்பிட்டால் பெட்டர்தான் என்று வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். இரண்டிலிருந்தும் பெட்டருக்கு வரலாம். பெட்டரிலிருந்து வெல்லுக்கு அப்படிப் போய்விட முடியாது என்று மட்டும் யாருக்கும் சொன்னதில்லை. தங்கை கையெழுத்துப் போட்டாள்.

அன்றிலிருந்து டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. நர்ஸம்மாவுக்குத் தலைமை நர்ஸ் பதவி போவது கிடக்கட்டும், வருஷா வருஷம் ஒப்பந்தம் புதுப்பித்தால்தான் நிலைக்கும் வேலை அவருடையது. ஒரு புகார் போதும், இருக்கிற வேலையும் போய்விடும். அடுத்த செவ்வாய்க்கிழமை வகுப்பில் அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. ‘எதைவிட?’ என்று கேட்க அன்று டீச்சருக்கு வாய் வரவில்லை. வட்டமே போடாமல் நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தாள். வகுப்பு அதைப் பார்த்துப் பயந்துவிட்டது.

விசாரணைக்கு மறு வாரம் மாலை நாலு மணிக்கு வரச் சொன்னார்கள். கண்காணிப்பாளர் அறையில் கண்ணாடி போட்ட மேசை, அதன் அடியில் பழைய நாட்காட்டித் தாள்கள், ஓரத்தில் மூடாத தண்ணீர் பாட்டில். அக்காவும் தங்கையும் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். நர்ஸம்மா நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

கண்காணிப்பாளர் கடிதத்தைப் படித்துவிட்டுக் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “பேஷண்ட் நல்லா இருக்காருன்னு நீங்க தகவல் குடுத்தீங்களாம்மா?”

“மெசேஜ் அனுப்பினது நான்தான் சார்.” நர்ஸம்மாவின் குரல் உள்ளே போயிருந்தது. அவர் டீச்சரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. தப்பான விடை எழுதிவிட்டு நோட்டை நீட்டும்போது பார்ப்பாரே, அந்தப் பார்வை. “ராத்திரி பூரா யோசிச்சுப் பாத்தேன் சார். தப்பு என்னோடதுதான். தேன் போடாம விட்டுட்டேன்.”

“தேனா?”

“ஆமா சார். தேன் போட்டிருக்கணும். போட்டிருந்தா இந்த அம்மா அன்னிக்கே கிளம்பி வந்திருப்பாங்க.”

கண்காணிப்பாளர் நோயாளியின் கோப்பைப் புரட்டினார். “வாய் வழியா தண்ணிகூடக் குடுக்கக் கூடாதுன்னு இதுல போட்டிருக்கே. தேன் குடுக்கச் சொல்லி யாரும்மா சொன்னது? எதுல கலந்தீங்க?” பேனாவை எடுத்து எழுதவே ஆரம்பித்துவிட்டார்.

தங்கை துள்ளி எழுந்தாள். “எங்க அப்பாவுக்குத் தேன் குடுத்தீங்களா? மூச்சு விட முடியாத மனுஷனுக்கா?”

“ஐயோ, இல்லம்மா” என்றார் நர்ஸம்மா. அதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கை இரண்டையும் பிசைந்தார். பேனா காகிதத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வேறு ஒரு நாளாக இருந்தால் இதைச் சொல்லிச் சொல்லி வகுப்பே ஒரு வாரம் சிரித்திருக்கும். இங்கே ஒரு மனுஷியின் பிழைப்பு போய்க்கொண்டிருந்தது.

டீச்சர் எழுந்து நின்றாள்.

“எழுதாதீங்க சார். அது குடிக்கற தேன் இல்ல. இங்கிலீஷ் தேன்.” போனை எடுத்து, அந்த மெசேஜைத் திறந்து, மேசைமேல் வைத்தாள். “இவங்க எழுதினது இதுதான். இதுல ஒரு தப்பும் இல்ல. முழு மார்க் போடலாம். ராத்திரி நடந்தது எனக்குத் தெரியும்னு நினைச்சாங்க, அதனால எதைவிடன்னு எழுதல. ரெண்டு பேருக்கும் தெரிஞ்சா எழுத வேண்டாம்னு சொல்லிக்குடுத்ததே நான்தான்.”

“அப்ப ‘வெல்’னு கடிதத்துல இருக்கே?”

“அது என் வார்த்தை சார். இவங்க வெல்னு சொல்லல. நான்தான் என் தங்கச்சிகிட்ட நல்லாயிட்டாருன்னு சொன்னேன். கடிதம் எழுதினதும் நான்தான்.”

கண்காணிப்பாளர் மெசேஜைப் படித்தார், கடிதத்தைப் படித்தார், எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்தார். புதன் இரவு வீட்டுக்கு ஏன் தகவல் போகவில்லை என்பதைத் தனியாக விசாரிக்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தங்கையைப் பார்த்தார். “இந்தப் புகாரை என்னம்மா செய்யறது?”

தங்கை கடிதத்தை எடுத்து நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

கதவருகில் நர்ஸம்மா டீச்சரின் முழங்கையைத் தொட்டார். “அப்ப என் வாக்கியத்துல தப்பில்லையா டீச்சர்?”

“இல்ல சிஸ்டர். படிச்சவ மேலதான் தப்பு.”

நர்ஸம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வார்டுக்குப் போனார். தங்கை தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில், பார்வையாளர்கள் காத்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இருபது பேர் இருந்தார்கள், கையில் பையும் தூக்குச்சட்டியுமாக. டீச்சர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தங்கை கையை நீட்டினாள், போனைக் கொடு என்று. வாங்கி, அந்த மெசேஜை ரொம்ப நேரம் பார்த்தாள். சட்டையைத் தூக்கிப் பிடித்துப் பிசகு தேடுகிற பார்வை அது.

“எதைவிட?” என்றாள்.

இத்தனை வருஷம் தான் பிறரைக் கேட்ட கேள்வி இப்படி இருக்கும் என்று டீச்சருக்குத் தெரியாது. “முந்தின ராத்திரியைவிட” என்றாள். “ராத்திரி குழாய் போடற அளவுக்குப் போயிடுச்சாம்.”

“உனக்கு அப்பத் தெரியுமா?”

“தெரியாது. நான் கேக்கல.”

“ஊர்ல ஒருத்தரை விடாம கேப்பியே அக்கா. உன் பட்டமே அதுதானே. அன்னிக்கு ஏன் கேக்கல?”

“கேக்கத்தான் அடிச்சேன். அப்புறம் அழிச்சிட்டேன்.” என்றாள் டீச்சர். “கேட்டா பதில் வந்துருமேன்னு பயமா இருந்துச்சுடி.”

தங்கை போனைத் திருப்பிக் கொடுத்தாள். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. இன்று சொல்லாவிட்டால் இனி என்றைக்கும் சொல்லமாட்டோம் என்று டீச்சருக்குத் தெரிந்தது. வியாழக்கிழமை ஐந்து மணிக்கு மணி அடித்ததையும், அப்பா முகமூடியை எடுக்கச் சொன்னதையும், ‘சின்னவ எங்க?’ என்று கேட்டதையும், கதவையே பார்த்துக்கொண்டிருந்ததையும் ஒன்று விடாமல் சொன்னாள். சனிக்கிழமையே தனக்குத் தெரியும் என்பதையும் சொன்னாள்.

அப்போதுதான் சின்னவள் அழுதாள். அப்பா போன இத்தனை நாளில் வராத அழுகை. பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, “இதை எதுக்கு என்கிட்ட மறைச்ச?” என்றாள்.

“பொறாமை” என்றாள் டீச்சர். “உன்னைத்தான் கேட்டிருக்காரு. என்னைக் கேக்கல.”

தங்கை அவளை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபம் இன்னும் இருந்தது, அது ஒரு நாளில் போகிற கோபம் இல்லை. ஆனால் குரல் தணிந்திருந்தது.

“உன்னை எதுக்கு அக்கா கேக்கணும்? நீ பக்கத்துலதான் இருக்கன்னு நினைச்சிருப்பாரு.”

ஆறுதலாகச் சொன்னாளா, குத்திச் சொன்னாளா என்று டீச்சருக்குத் தெரியவில்லை. ஐந்து மணி ஆகியிருந்தது. உள்ளே பார்வை மணி அடித்தது. பெஞ்சில் இருந்தவர்கள் பையையும் தூக்கையும் எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நெருக்கியடித்தார்கள். டீச்சரும் சட்டென்று எழுந்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கூட்டத்தோடு நான்கு எட்டு நடந்துவிட்டாள்.

பின்னாலேயே வந்த சின்னவள் அவள் கையைப் பிடித்து, பெஞ்சுக்குக் கூட்டிக்கொண்டு வந்து உட்காரவைத்தாள்.